களவு போகாத புராணம்

வெருகல் பக்கத்துக் கோயிலில் புராணம் படிப்பது ஆண்கள்தான். கேட்டுக் கேட்டே ஆசை முற்றிய பிரியங்கினி, மத்தியானப் பூசை முடிந்து ஆள் அடங்கியதும், புராணப் பெட்டியைத் திறந்து பட்டுத்துணியோடு புத்தகத்தைத் தூக்கிவந்துவிட்டாள்.

குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். உடம்பெல்லாம் புல்லரித்தது. சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. நிறுத்திய பிறகுதான் பயம் பிடித்தது. சாமியின் சொத்தல்லவா?

விடிந்ததும் புத்தகத்தோடு கோயிலுக்கு ஓடினாள். பூசகர் சாமித்தம்பி வாசலில் நின்றார்.

"ஐயா, நான் புராணத்தைக் களவெடுத்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் சிரித்தார். "என்ன பிள்ளை கதைக்கிறாய்? நேற்றுப் பின்னேரமும் அதைத்தானே படிச்சனாங்கள்."

பெட்டியைத் திறந்தார். அவள் தான் கொண்டுவந்ததைப் பக்கத்தில் பிடித்தாள். அதே பட்டு. அதே புத்தகம். முதல் தாளில் அதே மஞ்சள் கறை. அவர் சிரிப்பு அப்படியே நின்றது. பெட்டியில் இருந்ததை மடியில் விரித்தபடி தரையில் அமர்ந்துவிட்டார்.

"கோயில்ல ஒண்டும் களவு போகேல்லைப் பிள்ளை. போகாத பொருளுக்கு நான் என்னெண்டு மன்னிக்கிறது?"

"சாமி மன்னிக்காதா?"

"சாமிக்கும் ஏலாது. அவருக்கு ஒண்டும் குறையேல்லையே."

"அப்ப நான் செய்த களவு?"

"அது உன்னோடதான் கிடக்கும்."

அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்கு நெஞ்சு துள்ளியது. எதிரே சப்பணம் கட்டி இருந்து, தன் கையிலிருந்ததைத் திறந்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள். அவர் தடுக்கவில்லை.

அவள் ஒரு தாளைப் புரட்டினாள். அவர் மடியில் கிடந்த புத்தகமும் ஒரு தாள் புரண்டது.

அவள் நிறுத்தாமல் படித்தாள்.