சட்டையில் பூத்த உப்பு

யுத்தக் கப்பலோடு பத்தொன்பது வயது மகன் பலவேசமும் மூழ்கிப்போனதாகச் சர்க்கார் தந்தி வந்தது. மறுநாளும் சந்தனமாரி துணி துவைத்தாள். தென்காசி வீட்டில் அவன் விட்டுப்போன வெள்ளைச் சட்டையையும் சேர்த்துத்தான். கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். ஆனாலும் கொடியில் காய்ந்த சட்டை விறைத்து நின்றது. மடிப்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கடலையே பார்க்காத சட்டை அது.

சிற்றாற்றில் அலசிப் பார்த்தாள். அப்போதும் பூத்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் துவைப்பாள். காய்ந்ததும் உதறினால் உதிரும் உப்பு அன்றைய குழம்புக்குச் சரியாக இருக்கும். கடையில் உப்பு வாங்குவதை விட்டாள்.

ஆடி அமாவாசை வந்தது.

"குத்தாலத்துக்குப் போயி அவனுக்கு எள்ளுந் தண்ணியும் விட்டுட்டு வந்துருதேன்" என்றார் கணவர் குற்றாலிங்கம்.

"உடம்பே வரலை. யாருக்கு விடப் போறிய?"

"எத்தனை நாளைக்குத்தான் பிள்ளை தண்ணிக்குள்ளயே கெடப்பான்? கரையேறட்டும்ட்டி" என்று சொல்லிவிட்டு அவர் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

உச்சிப்பொழுதில் திரும்பி வந்து இலையில் உட்கார்ந்தார். ஒரு வாய் பிசைந்து தின்றவர் நிமிர்ந்தார்.

"ஏட்டி, கொழம்புல உப்பே இல்லையே?"

சந்தனமாரி கொல்லைப் பக்கம் பார்த்தாள். காய்ந்த சட்டை, மற்றத் துணிகளைப்போல மெத்தென்று சாரல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றாள். "அதான் கரையேத்திட்டு வந்துட்டியளே."