பூச்சாண்டி வேலை

சாவியை நுழைத்துத் திருகினார். லிஃப்ட் கதவு அசையவில்லை.

உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

தரைத்தளத்துக்கு லிஃப்ட் வந்து சேரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. ஜெனரேட்டர் வழக்கம்போல் முக்கியது, முனகியது, கிளம்பவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து குழந்தையின் தாய் கத்தினாள்.

"அண்ணா! பாப்பா மட்டும் உள்ள ஓடிட்டா! கதவு மூடிக்கிச்சு!"

"பதறாம படியில வாம்மா. நான் இருக்கேன்ல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் இருப்பதுதானே பிரச்சினை.

செல்லையா என்பது அவர் பெயர். அந்த அடுக்ககத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. பெரியவர்களுக்கு அவர் வாட்ச்மேன். பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி.

ஆரம்பித்து வைத்தவள் இப்போது கத்துகிறாளே, இந்தப் பிரமிளாதான். அவள் மகள் ருத்விகா எதைக் கொடுத்தாலும் துப்பினாள். இட்லி, பருப்பு சாதம், கேழ்வரகுக் கூழ், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. எடை ஏறவே இல்லை என்று டாக்டர் கடிந்துகொண்டாராம். பிள்ளைக்குச் சோறூட்டத் தெரியாதவள் என்று மாமியார் போனிலேயே தினம் அர்ச்சனை செய்தாராம். பாவம், அவள்தான் என்ன செய்வாள். ஒரு சாயங்காலம் கிண்ணத்தோடு கீழே வந்தவள், கேட்டில் நின்ற ஆளைப் பார்த்தாள். ஆளின் மீசையைப் பார்த்தாள்.

சாப்பிடாவிட்டால் அந்தப் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்றாள். பார், முறைக்கிறார் என்றாள்.

அவர் முறைக்கவில்லை. அவர் முகமே அப்படி.

குழந்தை வாயைத் திறந்தது.

அவ்வளவுதான். மறுவாரமே எல்லாத் தாய்மாரும் கிண்ணத்தோடு இறங்கிவிட்டார்கள். கம்பைத் தரையில் தட்டச் சொன்னார்கள், தட்டினார். கண்ணை உருட்டச் சொன்னார்கள், உருட்டினார். விழுங்கி முடித்ததும் ஒவ்வொரு பிள்ளையும் அவரிடம் வாயைக் காட்ட வேண்டும். நாக்கை இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கன்னத்தில் சோறு ஒதுங்கியிருந்தால் கம்பு மறுபடி தட்டப்படும். வாய் காலியாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு அவர் நகர்ந்துகொள்வார்.

ருத்விகா ஒருநாள் தன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தத்தித் தத்தி வந்தாள். தன்னை அறியாமல் சிரித்துவிட்டார்.

அன்று கிண்ணம் நிறைந்தபடியே மேலே போனது.

பிரமிளா திட்டவெல்லாம் இல்லை. சிரிக்காதீங்கண்ணா, காரியமே கெட்டுப்போகுது என்று கெஞ்சினாள். அந்த மாதம்தான் இந்தக் கிழவரை அனுப்பிவிட்டு ஏஜென்சியிலிருந்து சீருடை போட்ட வாலிபர்களை எடுக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு. தாய்மார்கள் ஒரே பிடியாக நின்றார்கள். இவர் போனால் எங்கள் பிள்ளைகள் பட்டினிதான் என்றார்கள்.

வேலை நிலைத்தது. சிரிப்பை அவர் விட்டுவிட்டார். வயிறு அவருக்கும் இருக்கிறதே.

ஆனாலும் ஆசை என்று ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளை ஒரே ஒரு தரம் தன் கைக்கு வரவேண்டும். வெட்கங்கெட்ட ஆசை. யாரிடம் போய்ச் சொல்வது.

சாவியை மறுபடி திருகியதும் லிஃப்ட் கதவு கொஞ்சம் நகர்ந்தது. கம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார். திறந்துகொண்டது.

மூலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ருத்விகா. மூக்கு ஒழுகியது. கவுன் நனைந்திருந்தது. முட்டி போட்டுக் கையை நீட்டினார்.

"ஒன்னும் இல்லடா கண்ணு. வா, தூக்கிக்கிறேன்."

வந்துவிடுவாள் என்று நினைத்தார். இந்த இருட்டில், இந்தப் பயத்தில், யார் கை நீட்டினாலும் வந்துவிடுவாள்.

அழுகை சட்டென்று நின்றது.

குழந்தை அவரையே பார்த்தது.

பிறகு வாயை அகலத் திறந்தது. நாக்கை நீட்டியது. இந்தப் பக்கம் திருப்பியது. அந்தப் பக்கம் திருப்பியது. விரலால் கன்னத்தை இழுத்து, உள்ளேயும் காட்டியது.

வாயில் ஒன்றும் இல்லை.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே இருந்தார். பிறகு மடக்கிக்கொண்டார்.

"பாத்துட்டேன் கண்ணு. எல்லாம் தின்னுட்டே. நான் போயிடறேன்."

எங்கே போவது? இருட்டில் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டா? திரும்பி, லிஃப்ட் வாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்தார். முதுகு குழந்தைக்கு. முகம் சுவருக்கு. மீசையைக் கையால் மூடிக்கொண்டார். பின்னாலிருந்து அது எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை.

பின்னால் ஒரு விக்கல். இன்னொரு விக்கல்.

படியில் செருப்புச் சத்தம். பிரமிளா ஓடி வந்தாள். கையில் கிண்ணம், சிந்தாமல். அவரைத் தாண்டி உள்ளே விழுந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள். என் தங்கமே, என் உசிரே என்று வாய்விட்டு அழுதாள். பொய்யில்லாத அழுகை. அவருக்கும் கண் நிறைந்தது.

அழுகை மெல்ல அடங்கியது. மூக்கை உறிஞ்சும் சத்தம். வளையல் சத்தம்.

பிறகு கிண்ணத்தில் கரண்டி இடிபடும் சத்தம்.

"அட, வாயத் தொறந்துதான் வெச்சிருக்கு. காலைலேர்ந்து ஒரு வாய்கூட இறங்கல..."

கரண்டி மறுபடி இடிபட்டது.

"முழுங்கு தங்கம். முழுங்கு. ஒதுக்கிக்காதே."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா," என்றாள் பிரமிளா. குரல் இன்னும் தழுதழுத்தது. "கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்களேன்."

அவர் தரையில் கையால் துழாவினார். கம்பு பக்கத்தில்தான் கிடந்தது.