துளையில்லாத நாலாவது காசு

"கையை அதுமேலேர்ந்து எடுங்க, சாதோகோ சான். இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."

முராயி சொன்னதும் சாதோகோ மௌஸை விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

கோபே நகரத்து ரயில் பாலத்தின் அடியில் இருந்தது முராயியின் பழைய நாணயக் கடை. மேலே ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்த காசுகள் மெல்ல அதிரும்.

கணினித் திரையில், இணைய ஏலத்துக்கு வந்த ஓர் ஐம்பது யென் நாணயம். எந்த ஐம்பது யென்னுக்கும் நடுவில் துளை இருக்கும். இதற்கு இல்லை.

"ஷோவா ஐம்பத்தேழுல, அதாவது 1982ல, துளை போடாம நழுவி வந்ததா இதுவரை தெரிஞ்சது நாலே நாலுதான்" என்றார் முராயி. "மூணு உங்ககிட்ட இருக்கு. இது நாலாவது. இப்பவே விலையை ஏத்தினா எதிராளி உஷாராயிடுவான்."

"விட்டுடாதீங்க."

சாதோகோவுக்கு அறுபத்து மூன்று வயது. சாப்பாட்டுக் கடை ஒன்றில் காலையில் மதிய உணவுப் பெட்டி கட்டும் வேலை. முதல் மூன்று காசுகளையும் ஒன்பது வருடத்தில் ஒவ்வொன்றாக முராயிதான் வாங்கிக் கொடுத்தார். நாலாவதுக்காக மூன்று லட்சம் யென் சேர்த்து வைத்திருந்தார் சாதோகோ. அதற்கு மேல் ஒரு யென் கிடையாது.

"போன மாசம் வந்த மாதிரி இதுவும் போலியா இருந்துடப் போகுது" என்றார் முராயியின் மனைவி ஃபுமியே, பார்லித் தேநீரை ஊற்றியபடி.

போன மாதம் ஒருவன் இதே காசு என்று படம் போட்டிருந்தான். ஏலத்தை விட்டு வெளியே வந்து நேராகப் பணம் அனுப்பினால் ஐம்பதாயிரம் குறைப்பதாகவும் எழுதினான். முராயி படத்தைப் பெரிதாக்கி அரை மணி நேரம் பார்த்தார். சாதோகோ தள்ளி நின்று ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, "துளையை அடைச்சு மெருகு போட்டிருக்காங்க" என்றார். அதுதான் உண்மை. முப்பது வருடமாகக் காசையே பார்த்துக்கொண்டிருந்த முராயி அன்று தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி துடைத்தார்.

"இவர் பதினோரு வருஷமா விக்கிறார். ஒரு புகார் இல்ல" என்றார் இப்போது. "பணமும் ஏலக்காரங்ககிட்டதான் இருக்கும். காசு வந்து, நாம பார்த்து, சரின்னு பொத்தானை அமுக்கினாதான் அவர் கைக்குப் போகும்."

"எங்க கல்யாணத்துக்கு இவர் இவ்வளவு விசாரிக்கல" என்றார் ஃபுமியே.

"விசாரிச்சிருக்கணும்."

முராயி விலையை ஏற்றினார். எதிராளியும் ஏற்றினான். கடைசி நேரத்தில் விலை ஏறியதால் ஏலம் தானாக ஐந்து நிமிடம் நீண்டது. பிறகு இன்னொரு ஐந்து. இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தில் எதிராளி ஓய்ந்தான். சாதோகோ கோப்பையை எடுத்து, ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார்.

வியாழக்கிழமை பொட்டலம் வந்தது. முராயி லென்ஸைத் தேடுவதற்குள் சாதோகோ காசின் விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் ஒரு முறை சாய்த்தார்.

"இதுதான்."

"எதுக்கும் நான் ஒரு தடவை பார்த்துடறேன்."

"பாருங்க."

எடை போட்டார், அளந்தார், நுண்ணோக்கியில் வைத்தார். நாற்பது நிமிடம் ஆனது. அசல்தான். பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பினார்.

மேஜை மேல், எது எடுத்தாலும் நூறு யென் என்று உதிரிக் காசுகளைக் கொட்டி வைத்த தட்டு ஒன்று உண்டு. ஃபுமியேவிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே சாதோகோ அத்தனை காசையும் ஒரே பக்கம் பார்க்கத் திருப்பி, வரிசையாக அடுக்கியிருந்தார். ஒன்றை மட்டும் ஓரமாக ஒதுக்கியிருந்தார். முராயி அதை எடுத்து லென்ஸில் பார்த்தார். விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்.

அவர் லென்ஸைக் கீழே வைத்தார்.

"இப்படி ஒரு கண்ணை நான் எந்தச் சேகரிப்பாளர்கிட்டயும் பார்த்ததில்ல, சாதோகோ சான்" என்றார் பிறகு. குரல் தாழ்ந்திருந்தது. "நாலையும் ஒண்ணா வச்சு ஒரு படம் எடுத்துக்கணும். மத்த மூணையும் கொண்டு வரச் சொன்னேனே?"

சாதோகோ பையிலிருந்து ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதில் மூன்று ஐம்பது யென் காசுகள் கோத்திருந்தன. மூன்றிலும் நடுவில் துளை.

"இது சாதாரணக் காசாச்சே. கடைத்தெருவுல புழங்கறது."

"ஆமா. பழுதான காசுன்னு மத்திய வங்கிக் கவுண்டர்ல கொடுத்தா, உருக்கறதுக்கு எடுத்துக்கிட்டு நல்ல காசு ஒண்ணு கொடுப்பாங்க. அந்த மூணையும் கொடுத்துட்டேன். இதை நாளைக்குக் கொடுக்கணும்."

ஃபுமியேவின் கையில் கெட்டில் அப்படியே நின்றது. "ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் கொடுத்து வாங்கி... அம்பது யென்னுக்கா?"

மேலே ரயில் போனது. காசுகள் அதிர்ந்து அடங்கும்வரை சாதோகோ காத்திருந்தார்.

"அந்த வருஷம் நாணயச் சாலையில ஐம்பது யென்னைப் பார்த்துப் பழுதை ஒதுக்கினது ஒரே ஒரு மேஜைதான், முராயி சான்" என்றார். "எனக்கு அப்ப இருபது வயசு. அந்த மேஜையில நான்தான் உட்கார்ந்திருந்தேன்."