உன்னைக் கேட்காமல்

ஆறு மணி நேரம் இருபது நிமிடமாக ஆர்விட்டின் கம்ப்யூட்டர் திரை, சில வரிப் பிழைச் செய்தியைத் தவிர, கறுப்பாகவே இருந்தது. உள்ளே இருப்பது பன்னிரண்டு வருடத்துப் பழைய லினக்ஸ் இயங்குதளம். அதில், திரையை இயக்கும் புத்தம்புது கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளை ஏற்றிவிட்டான்.

“நான் வரட்டுமா?” மாடிப்படியின் மேலிருந்து மனைவி இங்கா கேட்டாள்.

“வராதே! உன்னைக் கேக்காம இன்னிக்குள்ள சரி பண்ணணும். தோத்தா, இந்த டுலூத் ஊர்ப் பனியை மார்ச் வரைக்கும் நான்தான் அள்ளணும்; ஜெயிச்சா நீ. பந்தயம்னா பந்தயம்!”

கைப்பேசியில் லினக்ஸ் பயனர்களின் இணைய மன்றத்தைத் திறந்தான். காலையிலிருந்து ‘பனி ஆந்தை’ என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக வழி சொல்லிக்கொண்டிருந்தார். “புது டிரைவரை அடியோட எடுத்துடு. பழசைப் போட்டு, மறுபடி ஆன் பண்ணு.”

செய்தான். திரை பளிச்சென்று விழித்தது.

“இங்கா, வந்துடுச்சு! மன்றத்துல ஒரு பெரிய மேதை சொல்லிக் கொடுத்தாரு. உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. மண்வெட்டியை எடு!”

இங்கா சிரித்தபடி இறங்கி வந்தாள்.

“பிழைச் செய்தியைப் படம் புடிச்சு அங்க போட்டியே, அதோட முதல் வரியில கம்ப்யூட்டரோட பேர் இருந்துது. அந்தப் பேரை வச்சதே நான்தான். பார்த்ததும் நீன்னு தெரிஞ்சுபோச்சு.”

“நீ எங்க பார்த்தே?”

“பதினோரு தடவை என்னைத்தான் கேட்டிருக்கே, ஆர்விட். பனி ஆந்தை நான்தான்.”