நாக்பூரைச் சுற்றி ஒரு வழி

காசிக்குப் போக, தானே ஓடும், பேசும் எங்கள் கேரவன் வண்டி வழியும் இரவு முகாம்களும் குறித்தது.

"நாக்பூர் வேண்டாம், சுத்திப் போ" என்றேன்.

"காரணம், ஐயா?" என்றது வண்டி.

"என் மக செண்பகம் அங்க இருக்கா. சாதி விட்டுக் கட்டிக்கிட்டவ. அவ இருக்க ஊர்ல என் கால் படாது."

"உங்க வீம்புக்கு என் இடுப்புதான் உடையணுமா?" என்றாள் மனைவி கோமதி.

மறுநாள் வண்டி சொன்னது: "ஒருவரைத் தவிர்த்துப் போனால் அவருக்குத் தெரிவிப்பது முறை, ஐயா. அதனால் நேற்றே தெரிவித்தேன். மகள் பதில் அனுப்பியிருக்கிறார்."

செண்பகத்தின் குரல் கேட்டது.

"அப்பா, சுத்து வழி ரொம்ப மோசம். அம்மா இடுப்பு தாங்காது. நேர் வழியிலயே வாங்க. இங்க முகாம்ல வெந்நீர் கிடைக்கும். நீங்க கடந்து போற வரைக்கும் நாங்க ஊர்ல இருக்க மாட்டோம்."

"எந்த வழி, ஐயா?" என்றது வண்டி.

கோமதியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.