வயிற்றில் மாட்டிய துளி

எரிமலை கக்கிய குழம்பு சரிவில் வழிந்துகொண்டிருந்தது. அதன் மேல்தட்டில் ஒரு பச்சைப் படிகம் பிறந்தது. பிறந்ததிலிருந்தே அதற்கு அவசரம். குளிர்காற்று தலைக்குமேலே நிற்கிறது. எல்லாம் இறுகிப்போவதற்குள் பக்கத்துப் படிகங்களைவிடப் பெரிதாகிவிட வேண்டும்.

அதனால் மூலைகளை மட்டும் கைகளாக நீட்டி நீட்டி வளர்ந்தது. வயிறு வெறும் குழியாகக் கிடந்தது. அந்தக் குழிக்குள் ஒரு குழம்புத் துளி மாட்டிக்கொண்டது.

“அக்கா, என்னையும் சேர்த்துக்கோங்க. நானும் படிகமாயிடுவேன், உங்க வயிறும் நிறைஞ்சிடும்.”

“கொஞ்சம் இருடா. வயித்தை யாரு பார்க்கப் போறாங்க? முதல்ல கை நீளட்டும்.”

“குளிருது அக்கா.”

“இதோ, இன்னும் ஒரே ஒரு நுனி.”

மழை கொட்டியது. குழம்பு சட்டென்று இறுகிக் கல்லானது. அக்கம்பக்கத்தில் அவ்வளவு நீளக் கைகள் யாருக்கும் இல்லை. ஆசைதீர அவற்றைப் பார்த்துவிட்டு, படிகம் வயிற்றுப் பக்கம் குரல் கொடுத்தது.

“இப்போ வா தம்பி.”

துளி படிகமாகாமலே உறைந்து, கறுப்புக் கண்ணாடிச் சில்லாகிக் கிடந்தது. அதை அணைத்துக்கொள்ளலாம் என்று படிகம் கைகளை மடக்கிப் பார்த்தது.

ஒரு கையும் மடங்கவில்லை.