பதினான்கு மாதம்

டாக்டர் சுபைதா திரையைத் திருப்பிக் காட்டினார். அமலோற்பவத்தின் நுரையீரலில் மூன்று கட்டிகள் தெரிந்தன. குடல் புற்றுநோயை வெட்டியெடுத்து இரண்டே ஆண்டில் அங்கே பரவியிருந்தது. அவளுடைய பரிசோதனை முடிவுகளை வைத்துக் கணினிக்குள் அவள் உடலைப் போலவே ஓர் உடலை உருவாக்கியிருந்தார்கள். அதில் கட்டிகளை எடுத்தும் பார்த்தாயிற்று, எடுக்காமலும் பார்த்தாயிற்று.

"ரெண்டுலயும் ஆயுசு பதினாலு மாசம்தாம்மா வருது," என்றார் டாக்டர். "எடுத்தா, அதுல மூணு மாசம் வலியிலயும் படுக்கையிலயும் போயிரும். யோசிச்சுச் சொல்லுங்க."

அவளுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது. கணவன் இருதயராஜ் விடவில்லை. "மெஷினுக்கு என்ன தெரியும்? எடுத்துருங்க டாக்டர்."

டாக்டர் வெளியே போனதும் அவள் மெல்லக் கேட்டாள். "ஒண்ணும் ஆகப்போறதில்லன்னுதான சொல்றாங்க?"

"சும்மா உக்காந்து உன்னையே பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? என்னால ஆகாது, அமலம்."

கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவன் அழுது அவள் பார்ப்பது இதுவே முதல் முறை. படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அறுவை நன்றாகவே முடிந்தது. நான்காம் நாள், விலாவில் குழாயோடு அவள் சாய்ந்து கிடந்தாள். இருதயராஜ் ஜன்னலோரம் நின்று தூத்துக்குடியிலிருந்த தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் குரலில் தெம்பு வந்திருந்தது.

"எல்லாத்தையும் எடுத்தாச்சுடே. இனி பயமில்ல. ஒன் மைனி பொழச்சுட்டா."

அமலோற்பவம் அவன் முகத்தையே பார்த்திருந்தாள். இல்லையென்று சொல்ல அவளுக்கு மூச்சும் போதவில்லை, மனமும் வரவில்லை.